நத்தார்ச் சோறு

அப்பா கடைசியாகக் கேட்டது அரிசியைப் பற்றித்தானா என்று பிரஷாந்தினிக்கு இப்போது நிச்சயமில்லை. யாருக்காவது சொல்லும்போது அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி நிற்கிறாள். குச்சியின் நுனியில் இருந்த பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து அவருடைய உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள், அது உண்மை. ஆஸ்பத்திரி யன்னலுக்குக் கீழே பனி உருக வீதிக்கு உப்புப் போடுகிற லொறி ஊர்ந்துகொண்டிருந்தது, அதுவும் உண்மை. "அரிசி வாங்கியாச்சோ?" என்று அவர் கேட்டது அந்த டிசம்பர் இருபத்து நாலாம் திகதி காலையிலா, முதல் நாள் பின்னேரமா, தன்னையா, கால்மாட்டில் இருந்த அம்மாவையா என்பதுதான் குழம்பிக் கிடக்கிறது. "ஓமப்பா, வாங்கியாச்சு" என்று தான் சொன்னது மட்டும் நல்ல ஞாபகம். அது பொய். அரிசி வாங்கவில்லை.

ஒன்பதே முக்கால் அளவில் யோகேந்திரன் ஒரு மூச்சை இழுத்தார். அடுத்ததை இழுக்கவில்லை. எழுபத்தெட்டு வயது. அம்மா சிவமலர் எழுந்து போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள், குளிரும் என்பதுபோல. பிறகு கைப்பையைத் திறந்து திருநீற்றுச் சரையை எடுத்து அவர் நெற்றியில் பூசினாள். 

இறங்கி வரும்போது லிஃப்டில் சிவப்புத் தொப்பி போட்ட ஊழியர் ஒருவர் "ஜுவாயே நொயெல்" என்று பிரெஞ்சில் நத்தார் வாழ்த்துச் சொன்னார். "மெர்சி" என்றாள் சிவமலர். முப்பத்தெட்டு வருசமாக மொன்றியலில் பழகிய பதில். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மத்தியானம் யோகேந்திரனுடைய தம்பி கணேசலிங்கம் வந்து சேர்ந்தார். கோட்-டெ-நெய்ஜில் அண்ணன் இருந்த மூன்றாம் மாடி வீட்டில், சுவர்ப்பக்கம் திரும்பி நின்றபடி கொஞ்சம் அழுதார். அழுது முடித்ததும் சடங்கு வேலைகளைக் கையில் எடுத்துக்கொண்டார். எரிப்பது எப்போது என்று கேட்டார்.

"சனிக்கிழமை" என்றாள் பிரஷாந்தினி. "நாளைக்கும் நாளையிண்டைக்கும் லீவாம் சித்தப்பா. ஒண்டும் திறக்க மாட்டினமாம்."

"பார் பிள்ளை. மனிசன் செத்தும் லீவு முடியுமட்டும் காத்துக்கொண்டிருக்க வேண்டிக் கிடக்கு."

அப்போதுதான் பற்றிக் வந்து கதவைத் தட்டினான். அந்தக் கட்டடத்தைப் பராமரிக்கிறவன். பெனின் நாட்டுக்காரன், ஐம்பது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, சிவமலரின் கையைப் பிடித்து, முசியே யோகா நல்ல மனிதர் என்று பிரெஞ்சில் சொன்னான். போகத் திரும்பியவன் நின்றான். ஐந்தாம் மாடி மொரோக்கோக்காரி நேற்றுக்கூட விசாரித்தாள், நாளைக்கு வழக்கம்போல... என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அவன் விழுங்கிவிட்ட சொல் சோறு. ஒவ்வொரு டிசம்பர் இருபத்தைந்தாம் திகதியும் யோகேந்திரன் பெரிய அலுமினியப் பானையில் ஜொலோஃப் சமைப்பார். தக்காளியும் சிவத்த குடமிளகாயும் வெங்காயமும் அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கி, அதிலேயே அரிசியைப் போட்டு வேகவைக்கிற மேற்கு ஆபிரிக்கச் சிவப்புச் சோறு. அதைத் தட்டுகளில் போட்டு மூடி, கட்டடத்தில் பதினான்கு கதவுகளைத் தட்டிக் கொடுப்பார். மொரோக்கோக்காரியும் பிலிப்பினோத் தாதிமாரும், வாசலிலேயே கதவைச் சாத்தப் பார்க்கிற ருமேனியக் கிழவரும் வாங்குவார்கள். வேட்டி கட்டித் திருநீறு பூசின மனிதன் எதற்கு நத்தாருக்குச் சோறு தருகிறான் என்று யாராவது கேட்டால் அவருக்கு வாய் நிறையச் சிரிப்பு வரும். அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவர்போலத் தொடங்குவார்.

எழுபத்தொன்பதில் அவர் நைஜீரியாவுக்குக் கணக்குப் படிப்பிக்கப் போனார். யாழ்ப்பாணத்து வாத்திமார் கூட்டங்கூட்டமாகப் போன காலம். ஓஃபா என்ற ஊர், ரயில்வே ஸ்டேசனுக்குப் பின்னால் வீடு. முன்வீட்டில் இரண்டு சகோதரர்கள். மூத்தவர் அல்ஹாஜி ரைமி, துணிக்கடைக்காரர், ஐந்து வேளை தொழுகிறவர். இளையவர் சாமுவேல், ரயிலில் கார்ட் வேலை, சேர்ச்சில் டீக்கன். ஒரே முற்றம், ஒரே கிணறு. நோன்புப் பெருநாளுக்குத் தம்பி குடும்பம் புதுத்துணி உடுத்தும். நத்தாருக்கு அல்ஹாஜி நீல நிறத்தில் பெரிய அங்கி போட்டுக்கொண்டு, தம்பி வீட்டு வாசலில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார்.

"நான் ஒருநாள் கேட்டன்" என்று அப்பா சொல்லுவார், "அல்ஹாஜி, இது உங்கட பெருநாளோ எண்டு. அவர் சொல்லுறார், 'மாஸ்டர், அரசாங்கம் எனக்கும்தானே லீவு தந்தது. லீவை வாங்கிப் பொக்கற்றுக்குள்ள போட்டிட்டு, பெருநாள் எனக்கு வேண்டாம் எண்டு சொன்னால் அது களவெல்லோ?'"

இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். "இஞ்சையும் எனக்கு லீவு தாறாங்கள். நான் களவெடுக்கிறேல்லை" என்று சோற்றுத் தட்டை நீட்டுவார். டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் பின்சமையலறையில் பதினெட்டு வருசம் கோப்பை கழுவிய மனிதர் அவர். வருசத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் மறுபடியும் வாத்தியார்.

பிரஷாந்தினி ஓஃபாவில் பிறந்தவள். ஐந்து வயதில் அங்கிருந்து வந்துவிட்டாள். அவளுக்கும் ஒரு நத்தார் ஞாபகம் உண்டு. பாலைவனத்திலிருந்து வருகிற ஹார்மட்டான் காற்றில் ஊர் முழுக்க மா தூவியதுபோல் வெள்ளைத் தூசி. வெடித்த உதட்டில் யாரோ எண்ணெய் பூசிவிடுகிறார்கள். டீக்கன் வீட்டுப் பிள்ளைகளும் அவளும் ஒரே துணியில் தைத்த மஞ்சள் சட்டையோடு, வரிசையாக வீடு வீடாகப் போகிறார்கள். எல்லா வீட்டிலும் சோறு. அல்ஹாஜியின் மடியில் ஏறி இருந்தது, அந்த அங்கியின் கஞ்சி மணம், அவர் சிரிக்கும்போது அவளும் சேர்ந்து குலுங்கியது. அம்மா சொல்லுவாள், சட்டை பச்சை நிறம், அந்த வருசம் உனக்குக் காய்ச்சல், நீ வீட்டை விட்டு வெளிக்கிடவே இல்லை என்று. படம் ஒன்றும் இல்லை. அப்பா சொன்னதைக் கேட்டுக் கேட்டு மனம் தானாகத் தைத்துக்கொண்ட சட்டையோ என்னவோ.

அந்தக் கதைகளை நம்பித்தான் அவள் பதினொரு வருசத்துக்கு முன் அனுஜனைக் கட்டப்போவதாக வீட்டில் சொன்னாள். மன்னார்ப் பொடியன், பஸ் சாரதி, கத்தோலிக்கன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே முற்றத்திலை அண்ணன் பள்ளிவாசலுக்கும் தம்பி சேர்ச்சுக்கும் போனதை வாய் ஓயாமல் சொன்னனீங்கள்" என்று அவள் கத்தினாள். "உங்கட பிள்ளையெண்டா மட்டும் ஏனப்பா?"

"அது அவையின்ர ஊர்" என்றார் அப்பா.

கலியாணத்துக்கு வரவில்லை. அம்மாவும் வரவில்லை. ஷெரோன் பிறந்த பிறகு மெல்ல மெல்லப் போக்குவரத்து வந்தது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு கோடையில் லவாலுக்குப் போகிற படகைக் காட்டப் போவார், ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பார். ஆனால் இல்-பிசாரில் இருந்த மகளின் வீட்டில் தண்ணீருக்கு மேல் ஒன்றும் வாயில் வைத்ததில்லை. அனுஜனுடைய தாய் றோஸ்மேரி அவர்களோடுதான் இருந்தாள். ஒன்பது நத்தார்கள், மத்தியானத்தில், அப்பா இரண்டு பஸ் மாறிச் சோற்றுத் தட்டோடு வந்து வாசலில் நிற்பார். "உள்ளுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடுங்கோவன்" என்பாள் றோஸ்மேரி. "இப்பதான் சாப்பிட்டனான்" என்பார் அவர். ஒன்பது தடவையும் அதே கேள்வி, அதே பதில். அவள் தான் சுட்ட கேக்கைப் பளபளப்புத் தாளில் சுற்றிக் கொடுப்பாள். அதை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போவார்.

பற்றிக் போன பிறகு பிரஷாந்தினி சொன்னாள்: "அப்பா அரிசி வாங்கியாச்சோ எண்டு கேட்டவர்."

"என்ன அரிசி?" என்றார் கணேசலிங்கம்.

"நாளைக்குச் சமைக்க. நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன் சித்தப்பா."

"உனக்கென்ன விசரோ? செத்தவீட்டிலை அடுப்பு மூட்டுறதோ? அதுவும் வேதக்காரரின்ர பெருநாளுக்கு!"

"அப்பா முப்பத்தெட்டு வருசமாய்ச் சமைச்சவர்."

"அண்ணை உயிரோட இருந்து சமைச்சவர். இப்ப துடக்கு. துடக்கு வீட்டிலயிருந்து ஒரு குண்டுமணி வெளியிலை போகக்கூடாது. அடுப்பு எரியக்கூடாது. இந்த வீட்டுக்குச் சாப்பாடு வெளியிலயிருந்துதான் வரவேணும். நான் சொல்லேல்லை, முறை சொல்லுது."

 அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் சாகப்போகிற மனிதனிடம் ஓம் என்று சொல்லியாகிவிட்டது. நாளைக்குப் பதினான்கு கதவுகளும் தட்டப்படாமல் போனால், அப்பாவிடம் கடைசியாகச் சொன்னது பொய்யாகவே நின்றுவிடும். 

சுவரோரமாக இருந்த வெப்பமூட்டி டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சிவமலர் வீட்டுக்கு வந்ததிலிருந்து அதற்குப் பக்கத்துக் கதிரையில் அசையாமல் இருந்தாள்.

"ஆரின்ர வீட்டிலயிருந்து வரவேணும்?" என்று கேட்டாள்.

"என்ன அண்ணி?"

"சாப்பாடு. முறைப்படி ஆரின்ர வீட்டிலயிருந்து வரவேணும்?"

"இனசனம்தான் குடுக்கும். முதல் சம்பந்தி வீட்டுக்காரர்..." என்று தொடங்கிய கணேசலிங்கம் அந்த இடத்தில் நின்றார். அண்ணியைப் பார்த்தார். பிறகு தன் முழங்காலைப் பார்த்தார்.

சிவமலர் மகளிடம் திரும்பினாள். "உன்ர மாமியாருக்குச் சொல்லு. நாளைக்கு மத்தியானம் அவையின்ர வீட்டிலயிருந்து வரட்டும். கொப்பரின்ர சோறு. கட்டிடத்து ஆக்களுக்குப் போறது இந்த வாசலுக்குள்ள வரத் தேவையில்லை. நேரை அவையவையின்ர கதவுக்குப் போகட்டும்."

"அண்ணை இதுக்கு ஓமெண்டிருப்பாரோ?" என்றார் கணேசலிங்கம், குரலைத் தாழ்த்தி.

"அவரைக் கேக்கேலாது" என்றாள் சிவமலர்.

பிரஷாந்தினி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு றோஸ்மேரிக்குத் தொலைபேசி எடுத்தாள். அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள்.  றோஸ்மேரி ஒன்றுதான் கேட்டாள்.

"எத்தினை பேருக்குப் பிள்ளை?"

மறுநாள் காலை ஏழரைக்குப் பிரஷாந்தினி இல்-பிசார் வீட்டுச் சமையலறைக்கு வந்தபோது அடுப்பு மஞ்சள் தண்ணீரால் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. நத்தாருக்கென்று றோஸ்மேரி செய்து வைத்திருந்த ஆட்டிறைச்சிக் கறி, கோழி, ரோல்ஸ் எல்லாம் கராஜுக்குள், பழைய துவாயால் மூடிய பெட்டியில் இருந்தன.

"என்ன மாமி இது? உங்களுக்குப் பெருநாளெல்லோ!"

"செத்தவீட்டுக்குப் போற சாப்பாட்டை மச்சச் சட்டிக்குப் பக்கத்திலை வைக்கிறதோ? இறைச்சி எங்கயும் ஓடிப்போகாது, நாளைக்கும் தின்னலாம்." றோஸ்மேரி முதல் நாள் பின்னேரமே பூசைக்குப் போய்வந்திருந்தாள். அனுஜன் விடியவே வேலைக்குப் போய்விட்டான். லீவு நாளிலும் பஸ் ஓடவேணும்.

அளவு ஒன்றும் எழுதி வைக்கப்படவில்லை. அப்பா கையால் அளக்கிறவர். பிரஷாந்தினி நினைவிலிருந்து சொல்லச் சொல்ல றோஸ்மேரி செய்தாள். மிளகாயும் தக்காளியும் வதங்கி அந்த மணம் எழும்பியபோது பிரஷாந்தினிக்கு ஓஃபா ஞாபகம் வந்தது. வெள்ளைத் தூசி, ஒரு முற்றம், யாரோ ஒரு பெண் பெரிய மரக்கரண்டியால் பானையைக் கிண்டுகிறாள். இது உண்மையில் பார்த்ததா? யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, அடிப்பிடிக்குது!" றோஸ்மேரி அடுப்பை நிற்பாட்டப் பாய்ந்தாள்.

"விடுங்கோ மாமி. அடிப்பிடிக்கோணும்."

"ஆர் சொன்னது?"

"அப்பா. அந்தப் புகை மணம் ஏறாட்டி அது ஜொலோஃப் இல்லையாம்."

நாற்பது வருசம் சோறு அடிப்பிடிக்காமல் வடித்த றோஸ்மேரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பானையைப் பார்த்தாள். "அந்த மனிசன் எல்லாத்திலயும்தான் என்னோட ஏறுமாறு. சோறு காய்ச்சுறதிலயுமோ?" என்றாள். சொன்ன கையோடு திடுக்கிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிரஷாந்தினி சிரித்தபடியே போய், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நெற்றியை வைத்து நின்றாள். றோஸ்மேரி பக்கத்தில் வரவில்லை. முதுகைக் காட்டியபடி தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்தவற்றையும் துடைத்தாள்.

பன்னிரண்டரைக்கு அவர்கள் கட்டடத்துக்குள் நுழைந்து மேல் மாடியிலிருந்து தொடங்கினார்கள். மொரோக்கோக்காரி தட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். பிலிப்பினோத் தாதி ஒருத்தி வேலைக்கு வெளிக்கிட்டு நின்றாள், சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ருமேனியக் கிழவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, யோகேந்திரன் எங்கே என்று கேட்டார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிரஷாந்தினி சொன்னாள். அவர் கதவை அகலத் திறந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் மாடியில் அம்மாவின் கதவை மட்டும் விட்டுவிட்டுக் கீழே இறங்கினார்கள். கடைசிக் கதவு பற்றிக்குடையது. அவன் வாங்கித் திறந்து முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடினான். எங்கள் ஊர் மணம் என்றான். பிறகு, தயங்கி, இந்த முறை கேக் இல்லையா என்று கேட்டான்.

"எந்தக் கேக்?"

முசியே யோகா ஒவ்வொரு நத்தாருக்கும் பின்னேரத்தில் கொண்டுவந்து தருகிற கேக். பளபளப்புத் தாளில் சுற்றியிருக்கும், பழமும் முந்திரியும் போட்டது. மாடம் சிவமலர் சுடுகிறது என்று நினைத்தேன் என்றான் பற்றிக். அப்படி ஒரு கேக்கை மொன்றியலில் எங்கேயும் சாப்பிட்டதில்லை என்றான்.

றோஸ்மேரிக்குப் பிரெஞ்சு போதுமான அளவு தெரியும். அவள் முகத்தைப் பார்க்கப் பிரஷாந்தினிக்குத் துணிவு வரவில்லை. "அடுத்த வருசம்" என்று பற்றிக்கிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு லிஃப்டுக்கு வந்தாள். கதவு மூடியது. ஒன்பது கேக்குகள். றோஸ்மேரி மீதித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இலக்கங்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடி தாண்டியபோது கேட்டாள்:

"நல்லாயிருந்ததாமோ?"

"ஓம் மாமி."

"முந்திரிகைவத்தல் கூடிப்போச்சோ எண்டு ஒவ்வொருக்காலும் யோசிக்கிறனான்" என்றாள் றோஸ்மேரி.

செத்தவீட்டுக்கு வருகிறவர்களை யாரும் வாருங்கள் என்று அழைப்பதில்லை. அது முறை. கதவைத் திறந்த கணேசலிங்கம் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நின்றார். றோஸ்மேரி அந்த வாசலுக்கு முன்பு ஒருபோதும் வந்ததில்லை. அழைக்காத காலத்தில் வராதவள், இப்போது அழைக்கக்கூடாத நாளில் வந்து, உள்ளே போகலாமா இல்லையா என்று தெரியாமல் கால்மிதியில் நின்றாள். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி உருகிச் சொட்டியது.

சிவமலர் எழுந்து வந்தாள். றோஸ்மேரியின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். விளக்கு எரிந்துகொண்டிருந்த யோகேந்திரனுடைய படத்துக்கு முன் ஒரு கோப்பையில் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு, மேசைப்பக்கம் போனாள். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள். றோஸ்மேரி வந்து அதில் இருந்தாள்.

சிவமலர் முதல் நாள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சோற்றை விரலால் அளைந்துகொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய். கணேசலிங்கம் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  நாலைந்து வாய் போன பிறகு சிவமலர் நிமிர்ந்து பார்த்தாள்.

"உறைப்புக் காணாது" என்றாள்.

"மற்ற ஆக்களும் சாப்பிடுகினமெண்டு தூளைக் குறைச்சுப்போட்டன்" என்றாள் றோஸ்மேரி.

"அவர் கூடத்தான் போடுறவர்."

"ஓமோ?"

"ஓம். கண்ணாலை தண்ணி வரும்."

சிவமலர் தட்டை நடுவே தள்ளி வைத்தாள். "நீங்களும் சாப்பிடுங்கோ" என்றாள்.

யோகேந்திரனைச் சனிக்கிழமை எரித்தார்கள். சாம்பலை ஆனி மாதத்தில், குளிர் போன பிறகு, ஆற்றில் கரைத்தார்கள். கணேசலிங்கம் மகனோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுக்கிறார். பற்றிக்குக்கு லவாலில் வேறு வேலை கிடைத்தது. றோஸ்மேரிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது, பொல்லோடு நடக்கிறாள். அனுஜன் இப்போதும் பஸ் ஓட்டுகிறான். ஷெரோனுக்குப் பத்து வயது. பிரஷாந்தினி பழையபடி ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். மகளோடு வந்திருக்கச் சொல்லி எவ்வளவு கேட்டும் சிவமலர் மூன்றாம் மாடியை விட்டு வரவில்லை. பின்னேரங்களில் யன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு, கீழே நூற்றறுபத்தைந்தாம் இலக்கப் பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.